ஆட்ட நாயகனும் அவரே, தோல்விக்குக் காரணமும் அவரே! - ‘லான்ஸ் டாட் டிராபி’ சொல்லும் கதை

ஒரு கோப்பை இறுதிப் போட்டி. கடைசி நிமிடம். ஒரு அணி 1 புள்ளி பின்தங்கி இருக்கிறது. ஒரே ஒரு உதை சரியாக விழுந்தால் கோப்பை கையில். உதைக்கும் இடமோ கோல் கம்பங்களுக்கு நேர் எதிரே. கண்ணை மூடிக்கொண்டு அடித்தாலும் போய்விடும் என்று பார்க்கிறவர்கள் நினைக்கும் தூரம்.

உதைக்கப் போகிறவர்தான் அன்றைய போட்டியின் சிறந்த வீரர். அதற்கான வாக்கெடுப்பு ஏற்கெனவே முடிந்துவிட்டது. அது அவருக்கு இன்னும் தெரியாது.

அவர் ஓடி வந்து உதைக்கிறார். பந்து வலப்பக்கமாக விலகிப் போகிறது. அவ்வளவுதான். கோப்பை போச்சு!

1968 மே 11 அன்று லண்டன் வெம்ப்ளி மைதானத்தில் நடந்தது இது. உதைத்தவர் பெயர் டான் ஃபாக்ஸ். அவருக்குக் கிடைத்த விருதின் பெயர் ‘லான்ஸ் டாட் டிராபி’. இங்கிலாந்தின் ரக்பி லீக் சேலஞ்ச் கோப்பை இறுதிப் போட்டியில் சிறப்பாக ஆடியவருக்குத் தரப்படும் விருது இது.

‘சிறந்த வீரர் என்றால் யார்? நன்றாக ஆடியவரா, ஜெயிக்க வைத்தவரா?’ விளையாட்டு ரசிகர்களுக்கு நடுவே ஓயாமல் நடக்கும் இந்தச் சண்டைக்கு, இந்த ஒரு விருதின் வரலாற்றிலேயே நிறைய விடைகள் கிடைக்கின்றன.

முதலில், இது எந்த ஃபுட்பால்?

நம்மூரில் ஃபுட்பால் என்றால் மெஸ்ஸி, ரொனால்டோ ஆடும் கால்பந்துதான். ஆனால், இங்கிலாந்தின் வடக்குப் பகுதியில் முட்டை வடிவப் பந்தை வைத்து ஆடும் ரக்பியும் ஃபுட்பால்தான். அதன் அமைப்புக்குப் பெயரே ‘ரக்பி ஃபுட்பால் லீக்’.

இந்தப் பிரிவு உருவானதற்குப் பின்னால் ஒரு சம்பளப் பிரச்சினை இருக்கிறது. 19-ம் நூற்றாண்டின் கடைசியில், ரக்பி ஆடுவதற்குக் காசு வாங்கக் கூடாது என்பது விதி. தெற்கில் இருந்த வசதியானவர்களுக்கு அது பெரிய விஷயமில்லை. வடக்கில் ஆடியவர்களோ நிலக்கரிச் சுரங்கத்திலும் பஞ்சாலையிலும் வேலை பார்த்தவர்கள். சனிக்கிழமை மேட்ச் ஆடப் போனால் அன்றைய கூலி போய்விடும். ‘இழந்த கூலியையாவது கொடுங்கள்’ என்று கேட்டார்கள். கிடைக்கவில்லை. 1895-ல் ஹட்டர்ஸ்ஃபீல்ட் நகரில் ஒரு ஹோட்டலில் கூடி, வடக்கு கிளப்புகள் தனியாகப் பிரிந்தன. அந்தப் பிரிவுதான் பிறகு ‘ரக்பி லீக்’ ஆனது.

அணிக்கு 13 பேர், ஆட்டம் 80 நிமிடங்கள். பந்தை எதிரணியின் எல்லைக்கோட்டைத் தாண்டித் தரையில் பதித்தால் ‘டிரை’. டிரை எடுத்ததும், கம்பங்களுக்கு நடுவே பந்தை உதைத்து அனுப்பும் ‘கன்வெர்ஷன்’ வாய்ப்பு கிடைக்கும். பந்து எங்கே பதிந்ததோ, அதற்கு நேராகத்தான் அந்த உதையை அடிக்க வேண்டும். ஓரத்தில் பதித்தால் உதை கஷ்டம். கம்பங்களுக்கு நடுவே பதித்தால் ரொம்ப சுலபம். இன்று ஒரு டிரைக்கு 4 புள்ளிகள். 1968-ல் 3 புள்ளிகள்தான். கன்வெர்ஷனுக்கு அன்றும் இன்றும் 2.

சேலஞ்ச் கோப்பையின் முதல் இறுதிப் போட்டி 1897-ல் நடந்தது. 1929-ல் இறுதிப் போட்டி வெம்ப்ளிக்கு வந்தது. அதிலிருந்து, வடக்கு ஊர்கள் பஸ்ஸும் ரயிலும் பிடித்து லண்டனுக்குக் கிளம்பும் திருவிழா நாள் அது.

யார் இந்த லான்ஸ் டாட்?

லான்ஸ் டாட் நியூசிலாந்துக்காரர். 1907-ல் பிரிட்டனுக்குச் சுற்றுப்பயணம் வந்த நியூசிலாந்து அணியில் இருந்தார். காசுக்காக ஆடுகிறார்கள் என்று கிண்டல் செய்து, ‘ஆல் பிளாக்ஸ்’ என்பதை மாற்றி ‘ஆல் கோல்ட்ஸ்’ என்று அந்த அணிக்குப் பட்டப்பெயர் வைத்தார்கள். கிண்டலாக வைத்த பெயர் கடைசியில் பெருமையான பெயராக நின்றுவிட்டது.

டாட் அப்படியே இங்கிலாந்தில் தங்கி, விகன் அணிக்கு ஆடினார். ஆட்டக்காரராக இருந்ததைவிட அவருக்குப் பெரிய பெயர் வாங்கித் தந்தது மேனேஜர் வேலைதான். 1928-ல் சால்ஃபோர்ட் அணியின் பொறுப்புக்கு வந்தார். 1930-களில் அந்த அணி 3 முறை லீக் சாம்பியன் ஆனது. 1938-ல் சேலஞ்ச் கோப்பையையும் வென்றது. அப்போதைய கேப்டன் கஸ் ரிஸ்மன். இந்தப் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், மறுபடி தேவைப்படும்.

பிபிசி வானொலியில் வர்ணனையாளராகவும் டாட் பிரபலம். இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்தபோது, 1942-ல், உள்நாட்டுப் பாதுகாப்புப் படைப் பணியை முடித்துவிட்டுத் திரும்பும் வழியில் கார் விபத்தில் இறந்துபோனார். அவர் நினைவாகத்தான் இந்த விருது. முதன்முதலில் கொடுக்கப்பட்டது 1946-ல்.

வாக்களிப்பது யார், எப்போது?

போட்டியை நேரில் பார்க்கும் ரக்பி லீக் செய்தியாளர்கள்தான் வாக்களிக்கிறார்கள். ரசிகர்கள் ஓட்டு இல்லை. பயிற்சியாளர் சிபாரிசு இல்லை. பத்திரிகையாளர் வரிசையில் உட்கார்ந்திருப்பவர்கள் ஒரு பெயரை எழுதிக் கொடுக்க வேண்டும். அதிக வாக்கு யாருக்கோ, அவருக்கு விருது.

சிக்கல் இங்கேதான் ஆரம்பிக்கிறது. ஆட்டம் முடிந்த கையோடு பெயரை அறிவிக்க வேண்டும். அதற்குள் சீட்டுகளைச் சேகரித்து, எண்ணி முடிக்க வேண்டும். அதனால் கடைசி விசில் அடிப்பதற்கு முன்பே முடிவெடுத்தாக வேண்டிய நிலை. 80 நிமிட ஆட்டத்துக்கான தீர்ப்பை, 80 நிமிடமும் பார்ப்பதற்கு முன்பே எழுத வேண்டியிருக்கிறது. பெரும்பாலான வருடங்களில் இதனால் ஒன்றும் ஆகாது. 1968-ல் ஆனது.

1968-ல் என்னதான் நடந்தது?

வேக்ஃபீல்ட் டிரினிட்டிக்கும் லீட்ஸுக்கும் போட்டி. இரண்டுமே யார்க்‌ஷயர் பகுதி அணிகள், பக்கத்து ஊர்க்காரர்கள். வேக்ஃபீல்ட் அந்த சீசனின் லீக் சாம்பியன் பட்டத்தை ஒரு வாரத்துக்கு முன்புதான் வென்றிருந்தது. இதையும் ஜெயித்தால் ஒரே வருடத்தில் இரட்டைக் கோப்பை.

அன்று வெம்ப்ளியில் 87,100 பேர். போட்டி நாளில் வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. மைதானத்தில் தண்ணீர் தேங்கி நின்றது. வீரர்கள் ஓடினால் தண்ணீர் தெறித்தது, விழுந்தால் வழுக்கிக்கொண்டே போனார்கள். ‘வாட்டர்ஸ்பிளாஷ் ஃபைனல்’ என்றுதான் இன்றும் அந்தப் போட்டியைச் சொல்கிறார்கள். ‘இதில் மேட்ச் நடத்தியே இருக்கக் கூடாது’ என்று சொல்பவர்களும் உண்டு.

அந்தச் சேற்றில் தனியாகத் தெரிந்தவர் டான் ஃபாக்ஸ். 32 வயது. வேக்ஃபீல்டுக்குப் பக்கத்தில் ஷார்ல்ஸ்டன் என்ற சுரங்கத் தொழிலாளர் கிராமத்துக்காரர். முன்பு ஃபெதர்ஸ்டோன் ரோவர்ஸ் அணியில் ஆடி 162 டிரைகள் எடுத்தவர். வயது ஏற ஏற, வேகம் தேவைப்படும் இடத்திலிருந்து பலம் தேவைப்படும் முன்வரிசைக்கு மாறியிருந்தார். அன்று மற்றவர்கள் காலூன்றி நிற்கவே திண்டாடியபோது, இவர் ஆட்டத்தைத் தன் கட்டுப்பாட்டில் வைத்திருந்தார். அதே சேற்றில் 2 கோல்களையும் சரியாக உதைத்திருந்தார்.

உண்மையில் கோல் உதைப்பது அந்த அணியில் அவருடைய முதல் வேலை இல்லை. அது அவருடைய தம்பி நீல் ஃபாக்ஸின் வேலை. ரக்பி லீக் வரலாற்றிலேயே அதிகப் புள்ளிகள் எடுத்தவர் நீல், மொத்தம் 6,220. 1962 இறுதிப் போட்டியில் இதே லான்ஸ் டாட் டிராபியை வாங்கியவரும் அவரே. 1968-ல் காயம் காரணமாக நீல் ஆடவில்லை. தம்பி இல்லாததால் அண்ணன் தலையில் விழுந்த பொறுப்பு அது.

இரண்டாம் பாதியில் லீட்ஸ் வீரர் ஜான் அட்கின்சனை எதிரணியினர் தடுத்ததாகச் சொல்லி, நடுவர் ஒரு ‘பெனால்டி டிரை’ கொடுத்தார். இன்றுவரை விவாதிக்கப்படும் முடிவு அது. அதோடு, லீட்ஸுக்கு 4 கோல்களை உதைத்துக் கொடுத்தவர் பெவ் ரிஸ்மன். யார் இவர்? லான்ஸ் டாட்டின் சால்ஃபோர்ட் கேப்டன் கஸ் ரிஸ்மனின் மகன்! டாட் பெயரிலான விருது ஒரு பக்கம், டாட் வளர்த்த கேப்டனின் மகன் மறுபக்கம்.

கடைசிக் கட்டத்தில் ரிஸ்மனின் பெனால்டி கோலால் லீட்ஸ் 11-7 என முன்னிலை. கிட்டத்தட்ட எல்லாம் முடிந்த நிலை. ஆனால், ஆட்டம் மறுபடி தொடங்கிய சில நொடிகளில், வேக்ஃபீல்டின் கென் ஹர்ஸ்ட் சேற்றில் கிடந்த பந்தைக் காலாலேயே தள்ளிக்கொண்டு ஓடி, கம்பங்களுக்கு நடுவே டிரை அடித்துவிட்டார். 11-10. கன்வெர்ஷன் போனால் 12-11. கோப்பை வேக்ஃபீல்டுக்கு.

பந்தை வைத்தார் டான். ஓடி வந்தார். நனைந்த தரையில், நனைந்த தோல் பந்தில், கால் சரியாகப் படவில்லை. பந்து வலப்பக்கம் விலகிப் போனது. டான் அப்படியே தரையில் சரிந்தார். பிபிசி வர்ணனையாளர் எடி வேரிங், ‘விட்டுட்டாரே’ என்று பதறி, ‘பாவம் பையன்’ என்று பரிதாபப்பட்ட அந்தக் குரல், பிரிட்டிஷ் விளையாட்டு ஒளிபரப்பில் அதிகம் ஒலித்த பதிவுகளில் ஒன்று.

மைதானத்திலிருந்து வெளியே வந்த டானிடம், கேமராவுக்கு முன்னால், ‘லான்ஸ் டாட் டிராபி உங்களுக்குத்தான்’ என்று சொன்னார்கள். அவருக்கு அது கொஞ்சம்கூட ஆறுதலாக இல்லை. அப்படியே சொல்லவும் செய்தார்.

அப்படியானால் விருது தவறாகப் போய்விட்டதா?

‘கடைசி உதைக்குப் பிறகு வாக்கெடுப்பு வைத்திருந்தால் டானுக்கு ஒரு ஓட்டுகூட விழுந்திருக்காது’ என்று சிலர் நினைக்கலாம். ஆனால், அந்த நியாயம் கொஞ்சம் யோசித்தால் நிற்காது.

வேக்ஃபீல்ட் எடுத்த 10 புள்ளிகளில் 4 டானின் காலிலிருந்து வந்தவை. அந்த 2 கோல்கள் இல்லையென்றால், கடைசி டிரைக்குப் பிறகும் ஸ்கோர் 11-6. கன்வெர்ஷனால் ஒரு பிரயோஜனமும் இருந்திருக்காது. அதாவது, கோப்பையை வெல்லும் தூரத்துக்கு அணியைக் கொண்டு வந்ததிலேயே பெரிய பங்கு, அதைத் தவறவிட்டதாகச் சொல்லப்படும் அதே ஆளுடையது. கடைசி நிமிடத்தில் தவறு செய்யும் இடத்தில் நிற்கவே, அதுவரை நன்றாக ஆடியிருக்க வேண்டும்.

ஆபீஸ் அப்ரைசலில் அடிபட்டவர்களுக்கு இது சட்டென்று புரியும். பதினோரு மாதம் இழுத்துப் போட்டு வேலை செய்திருப்பார்கள். மார்ச் மாதம் ஒரு மெயில் தவறாகப் போயிருக்கும். ரேட்டிங்கில் தெரிவது அந்த மெயில் மட்டும்தான். கடைசியாக நடந்ததே மொத்தமும் என்று மனசு எடுத்துக்கொள்ளும். முன்கூட்டியே வாக்களித்ததால், தெரிந்தோ தெரியாமலோ, 1968-ன் செய்தியாளர்கள் அந்தப் பொறியில் சிக்காமல் தப்பித்தார்கள்.

கால்பந்திலும் இப்படி நடந்திருக்கிறதா?

நடந்திருக்கிறது. 2006 உலகக் கோப்பை இறுதிப் போட்டியில் இத்தாலியின் மார்கோ மாட்டராஸியை நெஞ்சில் தலையால் முட்டி, சிவப்பு அட்டை வாங்கி வெளியேறினார் ஜினடின் ஜிடான். பிரான்ஸ் பெனால்டி ஷூட்-அவுட்டில் தோற்றது. ஆனால், அந்தத் தொடரின் சிறந்த வீரருக்கான ‘கோல்டன் பால்’ ஜிடானுக்கே கிடைத்தது. செய்தியாளர்களின் வாக்குகளில் பல, அந்தச் சம்பவத்துக்கு முன்பே பதிவாகியிருந்தன.

2002-ல் கோல்டன் பால் வென்ற ஜெர்மனி கோல்கீப்பர் ஆலிவர் கான் கதையும் கிட்டத்தட்ட இதேதான். தொடர் முழுக்கச் சுவர் மாதிரி நின்றவர். இறுதிப் போட்டியில் கையிலிருந்து நழுவவிட்ட பந்தை பிரேசிலின் ரொனால்டோ கோலாக்கினார். அந்த விருதை வென்ற ஒரே கோல்கீப்பர் இன்றும் கான்தான்.

தோற்ற அணிக்கு விருது போவது அபூர்வமா?

லான்ஸ் டாட் டிராபியில் அது அவ்வளவு அபூர்வம் இல்லை. தொடங்கிய மூன்றாவது வருடமே, 1948-ல், தோற்ற பிராட்ஃபோர்ட் நார்தர்ன் அணியின் ஃபிராங்க் விட்கோம்புக்குக் கொடுத்துவிட்டார்கள். 1960-ல் ஹல் அணி 38-5 என்று நொறுங்கியது. ஆனால், விருது ஹல் வீரர் டாமி ஹாரிஸுக்கு. 1996-ல் பிராட்ஃபோர்டின் ராபி பால், வெம்ப்ளி இறுதிப் போட்டியில் 3 டிரை எடுத்த முதல் வீரர் ஆனார். அணி தோற்றது, விருது அவருக்கு. 2005-ல் லீட்ஸ் கேப்டன் கெவின் சின்ஃபீல்டுக்கும் இதே நிலைமை.

1965-ல் செய்தியாளர்களால் ஒருவரைத் தேர்ந்தெடுக்க முடியவில்லை. ஜெயித்த விகனின் ரே ஆஷ்பி, தோற்ற ஹன்ஸ்லெட்டின் பிரையன் கேபிடஸ் இருவருக்கும் சேர்த்துக் கொடுத்துவிட்டார்கள். விருதை அதிகபட்சமாக 3 முறை வென்ற முதல் வீரர் செயின்ட் ஹெலன்ஸின் ஷான் லாங் (2001, 2004, 2006).

2025 இறுதிப் போட்டியில் வாரிங்டனின் மார்க் ஸ்னெய்ட் தன் மூன்றாவது லான்ஸ் டாட் டிராபியை வாங்கினார். அந்தப் போட்டியில் கடைசி நிமிடங்களில் ஒரு டிரை, அதன் கன்வெர்ஷன் என்று ஹல் கேஆர் 8-6 என்ற கணக்கில் கோப்பையைப் பறித்துக்கொண்டு போனது. 57 வருடங்கள் கழித்தும் கதை அதேதான்: விருது ஒரு கையில், கோப்பை இன்னொருவர் கையில். ஒரே வித்தியாசம், இந்த முறை கடைசி உதை உள்ளே போனது. உதைத்தது எதிரணி.

வேக்ஃபீல்டின் கணக்கு

இந்த விருதின் கதையில் வேக்ஃபீல்டுக்கு ஒரு தனி அத்தியாயமே உண்டு. 1946-ல் விருதை முதன்முதலில் வாங்கியவர் வேக்ஃபீல்டின் பில்லி ஸ்டாட். விகனுக்கு எதிரான அந்தப் போட்டியில், ஆட்டம் முடியப்போகும் நேரத்தில் அவர் உதைத்த பெனால்டி கோலால்தான் வேக்ஃபீல்ட் 13-12 என்று ஜெயித்தது. அதாவது, முதல் விருது கடைசி நேர உதையை உள்ளே அனுப்பியவருக்கு. 22 வருடம் கழித்து, அதே அணியில், கடைசி நேர உதையைத் தவறவிட்டவருக்கு. இரண்டு பேர் பெயரும் ஒரே பட்டியலில்தான் இருக்கிறது.

1979-ல் வேக்ஃபீல்ட் மறுபடி இறுதிக்கு வந்தது. விட்னஸிடம் தோற்றது. லான்ஸ் டாட் டிராபி மட்டும் வேக்ஃபீல்டின் டேவிட் டாப்லிஸுக்கு! 1963-க்குப் பிறகு அந்த அணி சேலஞ்ச் கோப்பையைத் தொட்டதே இல்லை.

டான் ஃபாக்ஸ் என்ன ஆனார்?

டான் 2008-ல், 72 வயதில் காலமானார். அவரைப் பற்றி வந்த அஞ்சலிக் குறிப்புகள் பெரும்பாலும் அந்த ஒரு உதையைச் சுற்றியே எழுதப்பட்டன. ஃபெதர்ஸ்டோனின் 162 டிரைகள் அதற்குப் பிறகுதான் வந்தன. உயிரோடு இருந்த 40 வருடங்களும் போகும் இடமெல்லாம் ‘அந்த உதை’ பற்றிய பேச்சு அவருக்கு முன்னாலேயே போய் நின்றது.

டிவி திரும்பத் திரும்பக் காட்டியது சில நொடிகள் ஓடும் ஒரு காட்சியை. வெம்ப்ளியில் உட்கார்ந்து, மழையில் நனைந்த சீட்டில் ஒரு பெயரை எழுதிக் கொடுத்தவர்கள் பார்த்தது அதற்கு முந்தைய ஆட்டம் முழுவதையும். இரண்டில் எது நிஜமான டான் ஃபாக்ஸ் என்று கேட்டால், இரண்டும்தான். ஆனால், முதலாவதை யூடியூபில் யார் வேண்டுமானாலும் பார்த்துவிடலாம். இரண்டாவதற்குச் சாட்சியாக இருப்பது, விருதுப் பட்டியலில் 1968-க்கு நேராக இருக்கும் அந்த ஒரு பெயர் மட்டும்தான்.